ஒரு தடவை அடித்தால் ஃபோகஸ்

அந்த நாற்காலி வேண்டாம் மேடம், ஸ்பிரிங் எழும்பி நிற்கிறது, உடுப்பைக் கிழித்துவிடும். அதற்கு அடுத்தது, நடைபாதை ஓரத்தில் இருக்கிறதே, அதில் உட்காருங்கள். இந்தத் தியேட்டரிலேயே சொகுசான இடம் அதுதான். எங்கள் அண்ணன் உட்கார்ந்த இடம். அவர் செத்ததும் அதில்தான். எழுந்திருக்க வேண்டாம், நன்றாகத் துடைத்துத்தான் வைத்திருக்கிறேன்.

தேநீர் சொல்லட்டுமா? வேண்டாமென்றால் சரி. நான் கொஞ்சம் வளவளவென்று பேசுவேன், கோபிக்கக் கூடாது. ஆபரேட்டர் ரூமில் தனியாகவே காலம் தள்ளியவள். மெஷின் ஓடுகிற சத்தத்தில் சுவரோடுகூடப் பேச முடியாது. அதனால் கீழே இறங்கி வந்து ஒரு ஆள் கிடைத்தால் லேசில் விடுவதில்லை.

உங்கள் கையில் இருக்கிற பிளாஸ்டிக் பையில் உள்ள துணி என்னுடையதுதான். மறைப்பதற்கு ஒன்றுமில்லை. லென்ஸ் துடைக்கிற துணி. பழைய பருத்தி வேட்டியைத் துவைத்துத் துவைத்து, பூப்போல ஆனபிறகு சதுரமாக வெட்டி வைத்துக்கொள்வேன். கடையில் விற்கிற துணி லென்ஸில் கோடு போட்டுவிடும். அந்தத் துணி மேலே இருக்கிற மணிக்குள் எப்படிப் போனது என்று கேட்கத்தானே வந்தீர்கள்? சொல்கிறேன். ஆனால் மணி எதற்கு என்று முதலில் சொன்னால்தான் துணி எதற்கு என்று புரியும்.

இது எங்கள் அப்பா கட்டிய தியேட்டர். அப்பா காலத்தில் எல்லாப் படமும் ஓடியது. அழுகிற படம், அடிதடிப் படம், பேய்ப் படம். அண்ணன் கைக்கு வந்ததும் இது நல்ல படங்களுக்கான தியேட்டராக மாறியது. நல்ல படம் என்றால் என்ன என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரிந்தவரை, யாரும் சிரிக்காத படம். ஒரு கிழவர் கிணற்றை எட்டிப் பார்ப்பார். நான் ஒரு ரீலை ஓட்டி முடித்து அடுத்த ரீலுக்கு மாற்றியிருப்பேன், அவர் இன்னும் எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். உள்ளே என்ன இருக்கிறது என்று கடைசிவரை காட்ட மாட்டார்கள். படம் முடிந்ததும், சந்தா கட்டிப் படம் பார்க்க வருகிற உறுப்பினர்கள் வெளியே நின்றுகொண்டு அந்தக் கிணற்றைப் பற்றித் தொண்டை வறளப் பேசுவார்கள்.

குறை சொல்லவில்லை. தெருவுக்குத் தெரு தியேட்டர்கள் கிடங்காகவும் கல்யாண மண்டபமாகவும் மாறியபோது இது ஒன்று நின்றது என்றால் அண்ணனால்தான். பழைய படங்களைத் தேடிப் பிடித்துக் கொண்டுவருவார். எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். எல்லோரும் அவரை "டைரக்டர் சார்" என்று கூப்பிடுவார்கள். அவர் ஒரு படமும் எடுத்ததில்லை. வாசலில் இரண்டு வண்டி முட்டிக்கொண்டு நின்றால் விலக்கிவிடக்கூட வெளியே வர மாட்டார். இருந்தாலும் டைரக்டர் சார்.

என்னை வெளியில் எல்லோரும் ஆபரேட்டரம்மா என்பார்கள். அண்ணனுக்கு மட்டும் நான் பாப்பா. பழைய ஆபரேட்டர் சண்டை போட்டுக்கொண்டு போன அன்று, "பாப்பா, ரெண்டு நாளைக்கு நீ பாத்துக்கோ, அதுக்குள்ள ஆள் போட்டுடறேன்" என்றார். அந்த இரண்டு நாள் முடிவதற்குள் எனக்கு முடி நரைத்துவிட்டது.

அண்ணனுக்குச் சில சட்டங்கள் உண்டு. போனை டிக்கெட் கவுண்டரில் எங்கள் அண்ணியிடம் கொடுத்துவிட வேண்டும். அவள் ஒரு கூடையில் போட்டு வைப்பாள். மற்றவர்களுக்கு வழிகாட்டவேண்டும் என்று அண்ணன் தன் போனைத்தான் முதலில் போடுவார். உள்ளே பேசக் கூடாது. தலையைத் திருப்பக் கூடாது. பின்னால் என்ன சத்தம் கேட்டாலும் திரையைத்தான் பார்க்க வேண்டும். ஓடுகிற படத்தை எதற்காகவும் நிறுத்தக் கூடாது. கடைசி எழுத்து திரையிலிருந்து மறையும்வரை விளக்கு போடக் கூடாது.

ஒவ்வொரு ஷோவுக்கும் முன்னால் திரைக்கு முன் நின்று ஒரு சின்னப் பேச்சு பேசுவார். எப்போதும் ஒரே மாதிரிதான் முடிப்பார். "படம் ஆரம்பிச்சா நிக்காது. நான் செத்தா கூட நிக்காது." உடனே கைதட்டல். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும் மேடம். நான் ஒன்றும் புதிதாகச் செய்துவிடவில்லை. அவர் வாயால், அத்தனை பேருக்கு முன்னால், வாரா வாரம் சொன்னதுதான்.

இப்போது மணிக்கு வருகிறேன். முன்பெல்லாம் படம் கொஞ்சம் மங்கினால் அண்ணன் படியேறி மேலே வருவார். மூட்டு வலி வந்தபிறகு முடியவில்லை. அதனால் மணி வைத்தார். நீங்கள் உட்கார்ந்திருக்கிற நாற்காலியின் வலது கைப்பிடிக்கு அடியில் தடவிப் பாருங்கள், ஒரு பொத்தான் தட்டுப்படும். அதிலிருந்து ஒயர் சுவர் வழியாக மேலே என் ரூமுக்குப் போகிறது. மணி என் தலைக்கு நேரே, கை எட்டுகிற உயரத்தில் இருக்கும். ஒரு தடவை அடித்தால் ஃபோகஸ் சரியில்லை. இரண்டு தடவை அடித்தால் சத்தம் சரியில்லை. மூன்று தடவை என்றால் படம் மேலே கீழே நகர்ந்திருக்கிறது. விடாமல் நீளமாக அடித்தால் மெஷினை நிறுத்தி விளக்கைப் போடவேண்டும். இந்தக் கடைசி மணியை, மாட்டிய அன்று சோதித்துப் பார்த்ததோடு சரி, அதன்பிறகு அவர் அடித்ததே இல்லை. தன் சட்டத்தைத் தானே மீறுவாரா?

ஆனால் ஃபோகஸ் மணி மட்டும் ஒவ்வொரு ஷோவிலும் உண்டு. படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் ஒரு தடவை அடிப்பார். ஆரம்பத்தில் நான் பதறியடித்துக்கொண்டு லென்ஸைத் திருகுவேன். பிறகு ஒருநாள் கவனித்தேன், ஃபோகஸ் சரியாகவே இருக்கிறது. சோதித்துப் பார்க்கலாம் என்று அடுத்த முறை மணி அடித்தபோது லென்ஸைத் தொடவே இல்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் கீழே அவருடைய தலை திருப்தியாக ஆடியது. படம் முடிந்து வெளியே வந்தால் உறுப்பினர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார், "முதல்ல கொஞ்சம் மங்கலா இருந்துது கவனிச்சீங்களா? மணி அடிச்சேன், பாப்பா உடனே சரி பண்ணிட்டா."

அன்றிலிருந்து நான் மணிக்கு லென்ஸைத் தொட்டதில்லை. அவரிடம் சொன்னதும் இல்லை. எதற்கு? சின்ன விஷயம். எனக்கு அதில் மனத்தாங்கல் ஒன்றும் கிடையாது.

அவர் தலை என்றேனே, அது எனக்கு நன்றாகத் தெரியும். என் ரூமின் சதுர ஓட்டைக்கு நேர் கீழே இந்த நாற்காலி. முழு வழுக்கை. திரையில் வெளிச்சமான காட்சி வந்தால் தலை பளிச்சென்று ஆகும், இருட்டுக் காட்சி என்றால் மறைந்துவிடும். படத்தைப் பார்க்காமல் அந்தத் தலையைப் பார்த்தே கதை எங்கே போகிறது என்று சொல்லிவிடுவேன்.

சரி, அந்த ஞாயிற்றுக்கிழமை.

நானும் ஒரு படம் போட வேண்டும் என்று ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். பெரிய படமில்லை. ஒரு சலவைக்காரி, அவளுக்கு யாரோ ஒரு கப்பலை எழுதி வைத்துவிட்டுச் செத்துப்போகிறார்கள். கப்பலை வைத்துக்கொண்டு அவள் படுகிற பாடுதான் கதை. கடைசியில் கப்பலின் பாயை இறக்கித் துவைத்துக் காயப்போடுவாள். அப்பா காலத்தில் இங்கேயே ஓடியது. அதன் பிரிண்ட் ஒன்று எங்கள் கிடங்கிலேயே கிடந்தது. ஒட்டுப்போட்டு, துடைத்து, சுற்றி, நான்தான் உயிர் கொடுத்து வைத்திருந்தேன்.

ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் அண்ணன் சிரிப்பார். "பாப்பா, அது படமா? துணி துவைக்கிறதைப் பார்க்க நம்ம ஆளுங்க எதுக்கு இங்க வரணும்? வீட்டுப் பின்பக்கம் போனா போதாதா?"

"கிணத்தைப் பார்க்க மட்டும் வந்தாங்களே அண்ணா."

"அது வேற. அது உனக்குப் புரியாது."

அப்படிப்பட்டவர் திடீரென்று ஒருநாள், "போடு. இந்த ஞாயிறு மதியம் உன் படத்தையே போடு. ஒரே ஒரு தடவைதான்" என்றார். எனக்குக் கை கால் ஓடவில்லை. அண்ணி மட்டும் என் முகத்தைப் பார்க்காமல் கூடையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அரங்கம் நிறைந்திருந்தது. நான் மேலே முதல் ரீலை மாட்டிவிட்டு லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தேன், இதே துணியால்தான். அண்ணன் திரைக்கு முன்னால் நின்று பேசுவது என் ரூம் ஸ்பீக்கரில் கேட்டது. அடுத்த வாரம் புது மெஷின் வருகிறதாம். ரீல் இல்லை, சுற்ற வேண்டாம், ஒட்ட வேண்டாம். கம்ப்யூட்டர் மாதிரி. கீழே இருந்தே, இந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஒரு பட்டனில் ஓட்டிவிடலாமாம்.

"அதனால இன்னைக்கோட நம்ம பாப்பாவுக்கு விடுதலை" என்றார். "அவளுக்கு ஒரு பரிசு குடுக்கணும்னுதான் இந்தப் படம். தயவுசெஞ்சு கொஞ்சம் பொறுத்துக்கோங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அன்பாகத்தான் சிரித்தார்கள். பிறகு அவர் வழக்கமான கடைசி வாக்கியத்தைச் சொன்னார். கைதட்டினார்கள்.

எனக்கு வருத்தம் இருந்ததா என்று கேட்கிறீர்கள். இல்லை. வயதாகிறது, படியேற முடியவில்லை, ஓய்வு நல்லதுதான். ஒருவேளை முதல்நாளே வீட்டில் சொல்லியிருக்கலாம். அவ்வளவுதான். நான் லென்ஸைத் துடைத்து முடித்துவிட்டு மெஷினைப் போட்டேன்.

மேடம், அவர்கள் சிரித்தார்கள். அதைச் சொல்லாமல் எப்படி விடுவது? சலவைக்காரி கப்பலின் நங்கூரத்தை இஸ்திரிப்பெட்டி என்று நினைத்துத் தூக்கப் பார்க்கிற இடத்தில் ஆரம்பித்த சிரிப்பு, பிறகு ஓயவே இல்லை. அண்ணனுக்கு முன் வரிசையில், நாலு நாற்காலி தள்ளி ஒரு டீச்சரம்மா உட்கார்வார், ஓய்வுபெற்றவர். மூச்சு விட்டாலும் "உஷ்" என்பார். அதனால் உஷ் டீச்சர் என்றே பெயர். அவரே தோள் குலுங்கச் சிரிக்கிறார். மூன்றாவது வரிசையில் ஒரு டாக்டர் உண்டு, இதய டாக்டர். எந்தப் படமானாலும் விளக்கு அணைந்ததும் தூங்கிவிடுவார், விளக்கு எரிந்ததும் எழுந்து "அற்புதம்" என்பார். அவர் அன்றைக்கு விழித்திருந்தார். இந்தக் கட்டடத்தில் அந்தச் சத்தத்தைக் கேட்டு எவ்வளவு காலமாகிறது தெரியுமா? மெஷின் சத்தத்தையும் மீறி எனக்குக் கேட்டது.

அப்போது மணி அடித்தது. ஒரு தடவை.

பழக்கம்தானே என்று விட்டுவிட்டேன். கொஞ்சம் கழித்து இன்னொரு தடவை. ஒரே ஷோவில் ஃபோகஸ் மணியை இரண்டாம் முறை அடித்ததே கிடையாது. எட்டிப் பார்த்தேன். அரங்கத்தில் சிரிக்காத தலை ஒன்றே ஒன்றுதான், அது எனக்கு நேர் கீழே இருந்தது. மூன்றாவது தடவை அடித்தபோது நானே திரையை ஒருமுறை உற்றுப் பார்த்தேன். சலவைக்காரியின் இமை மயிரை எண்ணலாம். அப்படி இருந்தது.

பிறகு கடைசி ரீல். அதற்கு மாற்றிவிட்டு உட்கார்ந்தேன். கப்பல் பாய் இறங்குகிற காட்சி வருவதற்குள் மணி மறுபடி அடித்தது. இந்தத் தடவை நிற்கவில்லை. நீளமாக அடித்துக்கொண்டே இருந்தது.

பொத்தான் சிக்கிக்கொண்டது என்று நினைத்தேன். பழைய பொத்தான், சிக்கும். அந்தச் சத்தம் கீழே கேட்டுவிட்டால் ஜனங்களுக்குத் தொந்தரவு. அதனால் கையிலிருந்த துணியை மடித்து, மணிக்கும் அதை அடிக்கிற சுத்திக்கும் நடுவில் வைத்தேன். அவ்வளவுதான் நடந்தது.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? சரி. பொத்தான் சிக்கியது என்று நான் நினைக்கவில்லை. அவர் என் படத்தை நிறுத்தச் சொல்கிறார் என்று நினைத்தேன். எல்லோரும் சிரிக்கிறார்கள், அவருக்குப் பொறுக்கவில்லை, அதனால் நிறுத்தச் சொல்கிறார். அப்படி நினைப்பது இயல்புதானே? அதோடு ஓடுகிற பிலிமைச் சட்டென்று நிறுத்தினால் விளக்குச் சூட்டில் பிலிம் பொசுங்கிவிடும். அந்தப் படத்துக்கு இருப்பது ஒரே பிரிண்ட். பொசுங்குவதெல்லாம் பழைய மெஷினில்தான், வாஸ்தவம். இப்போது இருப்பதில் தடுப்புத் தகடு உண்டு. இருந்தாலும் ஒரு பயம்.

எட்டிப் பார்த்தேனா என்றால், பார்த்தேன். மணி அடித்தால் எட்டிப் பார்ப்பது என் வேலை. இடது கை நெஞ்சில் இருந்தது. தலை முன் நாற்காலியின் முதுகில் சாய்ந்திருந்தது. வலது கை கைப்பிடிக்கு அடியில். அவர் ஏதோ முனகினார் போலிருக்கிறது, ஏனென்றால் முன் வரிசையிலிருந்து டீச்சர், தலையைத் திருப்பாமலே, "உஷ்" என்றார். யாருமே திரும்பவில்லை. அவ்வளவு நன்றாகப் பழக்கி வைத்திருந்தார். டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். விளக்கு ஸ்விட்ச் என் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் மேலே போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அதைப் பார்த்தபிறகுதான் துணியை வைத்தேன். மாற்றிச் சொல்லிவிட்டேன், பேச்சு வேகத்தில்.

துணி வைத்தாலும் சுத்தி அடிப்பதை நிறுத்தாது, சத்தம்தான் வராது. துணி நழுவிவிடக் கூடாதே என்று ஒரு விரலால் பிடித்துக்கொண்டேன். விரலுக்கு அடியில் துடித்துக்கொண்டே இருந்தது, ஒரு குருவிக் குஞ்சைப் பிடித்த மாதிரி. நான் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சலவைக்காரி பாயை இறக்கி, நீரில் அலசி, உதறினாள். திரை முழுக்க வெள்ளை. எப்போதும் அந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கும். அன்றைக்கும் கலங்கியது. அவள் பாயைக் கொடியில் போட்டு கிளிப் மாட்டும்போது விரலடியில் துடிப்பு விட்டு விட்டு வந்தது. பிறகு நின்றது. நான் கையை எடுத்துவிட்டேன். கடைசி எழுத்து மறைந்தபின் விளக்கைப் போட்டேன். சட்டப்படி.

எல்லோரும் எழுந்து நின்று, என் ரூம் ஓட்டையைப் பார்த்துக் கைதட்டினார்கள். அந்த ஓட்டையைப் பார்த்து அதுவரை யாரும் கைதட்டியதில்லை. டைரக்டர் சார் மட்டும் குனிந்தபடியே இருந்ததால் உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று விட்டுவிட்டார்கள். டாக்டர்தான் தோளைத் தட்டப் போனார். கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "இங்கதானே இருந்தேன்" என்றார். "லைட்டு மட்டும் கொஞ்சம் முன்னாடி எரிஞ்சிருந்தா, நான் பார்த்திருப்பேனே. பிழைச்சிருப்பாரே." அவர் இப்போதெல்லாம் இங்கே வருவதில்லை. பாவம், அவர் மேல் என்ன தப்பு? நான் பலதடவை போனில் ஆறுதல் சொல்லியிருக்கிறேன்.

இரங்கல் கூட்டம் இங்கேயே நடந்தது. "உயிர் போகும்போதும் படத்தை நிறுத்தாத மனுஷன்" என்று டீச்சர் பேசினார். அதையே பித்தளைத் தகட்டில் பொறித்து இந்த நாற்காலியின் முதுகில் அடித்திருக்கிறார்கள். உங்கள் தோளுக்குப் பின்னால்தான் இருக்கிறது, திரும்பிப் பாருங்கள். நானும் நாலு வார்த்தை பேசினேன். புது மெஷினை அண்ணன் மனசுக்குப் பிடிக்காமல்தான் வாங்குவதாக இருந்தார் என்று சொன்னேன். அண்ணியும் அந்தத் துக்கத்தில் தலையாட்டிவிட்டாள். மெஷின் வரவில்லை. இப்போது படம் எல்லாம் நான்தான் தேர்ந்தெடுக்கிறேன். கூட்டம் நன்றாகவே வருகிறது.

துணியை எடுக்காமல் விட்டது என் கவனக்குறைவு. இனி யார் அடிக்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். அண்ணிக்குத் திடீரென்று ஒரு ஆசை, அவர் நினைவாக ஒவ்வொரு ஷோவுக்கும் முன்னால் அந்தப் பொத்தானை ஒரு தடவை அழுத்த வேண்டும் என்று. அழுத்தினாள், மணி அடிக்கவில்லை. எலக்ட்ரீஷியனைக் கூட்டி வந்துவிட்டாள். அவர் ஸ்டூலில் ஏறி மணியைக் கிட்டப் பார்த்துத் துணியை உருவினார்.

"யாரு அக்கா இதை உள்ள வச்சது?"

"எலி இழுத்துட்டு வந்திருக்கும்" என்றேன்.

அவர் துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எலி இவ்வளவு அழகா நாலா மடிச்சா வைக்கும்?"

அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். ஆனால் அண்ணி கீழே ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என் துணி அவளுக்குத் தெரியாதா? அது அவள் வீட்டுக்காரர் வேட்டி. கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் கொடுத்ததும் அவள்தான் என்று தெரியும். அவள் மேல் கோபமில்லை. அவளுக்கு மெஷின் விஷயம் புரியாது.

நான் கொன்றேனா என்று கேட்டால் எப்படிப் பதில் சொல்வது? அவர் சொன்னதைத்தான் செய்தேன். தான் செத்தாலும் நிற்கக் கூடாது என்றார், நிறுத்தவில்லை. தங்கை என்றால் அண்ணன் சொல்லைக் கேட்க வேண்டும், கேட்டேன். உங்களுக்கு எப்படி எழுத வசதியோ அப்படி எழுதுங்கள். கொன்றேன் என்று வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒரு உயிர் என் விரலுக்கு அடியில் அடங்குவதைத் தெரிந்துகொண்டேதான் பிடித்துக்கொண்டிருந்தேன். போதுமா?

இருங்கள், மேலே போய் மெஷினுக்கு உறை போட்டுவிட்டு வருகிறேன், தூசி விழுந்தால் லென்ஸ் பாழாகிவிடும். வேண்டுமானால் நான் போனதும் அந்தப் பொத்தானை ஒரு தடவை அழுத்திப் பாருங்கள். எலக்ட்ரீஷியன் சரிசெய்துவிட்டார், கணீரென்று கேட்கும்.

வேண்டாம். அழுத்த வேண்டாம்.

எழுதுகிறீர்களா? ஒன்றை மட்டும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள், மேடம், மற்றதெல்லாம் எப்படியோ போகட்டும். அன்றைக்கு ஃபோகஸ் சரியாகத்தான் இருந்தது.